உடம்பின் கழிவு வேலைக்கு ஒத்தாசை: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் வீட்டில் முழுப்பரீட்சை லீவு விட்டால் முதல் ஞாயிற்றுக்கிழமை விளக்கெண்ணெய். அப்பத்தா விடிகாலையிலேயே எழுப்பி, மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றி, அது திரும்பி வருவதற்குள் சூடாக ஒரு வாய் காபியும் கொடுத்துவிடுவார். பத்து மணிக்குள் ஐந்தாறு தடவை கொல்லைப்புறம். மதியம் ரசம் சோறு, சுட்ட அப்பளம். "சேர்ந்த அழுக்கெல்லாம் போச்சு" என்று அவருக்கு ஒரு திருப்தி.

முப்பது வருஷம் கழித்து அதே வேலையை நான் காசு கொடுத்துச் செய்தேன். மூன்று நாளைக்குச் சாப்பாடே கிடையாது. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று பாட்டில் பாட்டிலாகச் சாறு. இரண்டாம் நாள் சாயங்காலம் பஸ்ஸில் நின்றபடியே தலை சுற்றி, முன்பின் தெரியாத ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார். எடை ஒன்றே முக்கால் கிலோ இறங்கியது. அடுத்த வாரம் அத்தனையும் திரும்பி வந்தது.

இந்த இரண்டு வைபவத்திலும் வெளியே போனது என்ன என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். விளக்கெண்ணெயிலிருந்து வரும் ரிசினோலிக் அமிலம் குடலைத் தூண்டி விரட்டுகிறது. போவது தண்ணீர், உப்பு, முந்தின நாள் சாப்பாடு. சாறு விரதத்தில் இறங்கிய எடையில் பெரும்பகுதி, கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருந்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தும் அதோடு சேர்ந்திருந்த தண்ணீரும். நஞ்சு என்று எதையும் யாரும் அளந்து காட்டவில்லை.

'டீடாக்ஸ்', அதாவது உடம்பில் சேர்ந்த நஞ்சை வெளியேற்றுவது என்று கேள்விப்பட்டு, எங்கிருந்து தொடங்குவது என்று நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு படிக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை. ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகம் அல்லது இதயக் கோளாறு உள்ளவர்கள் தண்ணீர், உப்பு, சாப்பாட்டு அளவு எதை மாற்றுவதானாலும் தங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

உள்ளே ஏற்கெனவே நடக்கிற வேலை

நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கணக்கு வைத்தால் ஒன்பது கேன். அதில் வேண்டியதையெல்லாம் ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒன்றரை லிட்டர் போலச் சிறுநீராக அனுப்புகின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் இந்த வேலைக்குப் பத்து லட்சம் போல நுண்ணிய வடிகட்டிகள்.

கல்லீரல் ஒன்றரை கிலோ கனம். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் அதன் வழியாகப் போகிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் நேரே இதயத்துக்குப் போகாமல் முதலில் இங்கேதான் வருகிறது. சுங்கச் சாவடி மாதிரி. புரதம் செரித்ததில் மிஞ்சும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்புவது, மாத்திரையை உடைப்பது, சாராயத்தை உடைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. கொழுப்பில் கரையும் பொருள்களைத் தண்ணீரில் கரைகிற மாதிரி மாற்றிவிடுகிறது. அப்போதுதான் சிறுநீரிலோ பித்தத்திலோ அவற்றை வெளியே தள்ள முடியும். பித்தம் குடலுக்குள் இறங்கி மலத்தோடு போகிறது. மலத்தின் பழுப்பு நிறமே பழைய ரத்த அணுக்கள் உடைந்து வந்த பித்த நிறமியால்தான்.

ஆக, ஆள் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார், இரவு பகல் இரண்டு ஷிப்டும். நம் பங்கு, அவருக்கு அநாவசிய வேலை வைக்காமல் இருப்பதும், வெளியே போகும் வழியை அடைக்காமல் இருப்பதும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றுதான்.

முதல் படி: கடைச் சாமானை நிறுத்துங்கள்

பொடி, டீ, காலில் ஒட்டும் பட்டை, எதுவாக இருந்தாலும். இதை முதலில் வைக்கக் காரணம், இதற்குச் செலவே இல்லை.

காலை வெந்நீர்த் தொட்டியில் வைத்தால் 'நஞ்சு இறங்கி' தண்ணீர் பழுப்பாகும் என்று ஒரு மின்சாரத் தொட்டி உண்டு. உப்புத் தண்ணீரில் இரும்பு மின்முனை வைத்து மின்சாரம் விட்டால் இரும்பு துருப்பிடிக்கும். தண்ணீர் அந்த நிறத்துக்குத்தான் வரும். நம்பிக்கை இல்லை என்றால் காலை வைக்காமல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் பழுப்பாகும். ராத்திரி பாதத்தில் ஒட்டிக் காலையில் எடுத்தால் கறுத்திருக்கும் பட்டையும் அப்படித்தான்: உள்ளே இருக்கும் பொடி ஈரம் பட்டால் நிறம் மாறும். நாலு சொட்டு வெந்நீர் விட்டுப் பாருங்கள், காலே வேண்டாம்.

இன்னொன்று, பித்தப்பைக் கல் கரைக்கும் வைத்தியம். ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் டம்ளர் கணக்கில் குடித்தால் மறுநாள் பச்சைப் பச்சையாய் 'கல்' விழும். அப்படி விழுந்தவற்றை எடுத்துப் பரிசோதித்து 2005-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். குடித்த எண்ணெயே வயிற்றுக்குள் சோப்பாகி உருண்டு வந்ததுதான் அந்தக் கல். உண்மையான கல் பித்தப்பையிலேயே பத்திரமாக இருந்தது.

எண்ணெய்க் குளியலைப் பற்றியும் கேட்பீர்கள். தாராளமாகக் குளியுங்கள். உடம்பு இளகும், நல்ல தூக்கம் வரும். நஞ்சை இறக்கும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் விட்டுவிடலாம். வியர்வைக்கும் அதே கதை: அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். அதன் வேலை உடம்பைக் குளிர்விப்பது.

இரண்டாம் படி: அடுக்களையைச் சுற்றிப் பாருங்கள்

சில பொருள்களைக் கல்லீரலாலும் சிறுநீரகத்தாலும் சமாளித்து அனுப்பிவிட முடியும். சிலவற்றை முடியாது, காரீயம் அதில் ஒன்று. உள்ளே போனால் எலும்பில் குடியேறிப் பல வருஷம் இருக்கும். எந்தச் சாறும் அதைக் கழுவி எடுக்காது. இந்த ரகத்தை வாசலிலேயே நிறுத்த வேண்டும். அதனால்தான் இந்தப் படியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

மஞ்சள் தூளிலிருந்து தொடங்கலாம். நிறம் தூக்கலாகத் தெரிய லெட் குரோமேட் என்ற காரீயச் சாயத்தைப் பூசும் வழக்கம் வங்கதேசத்தில் இருந்தது 2019-ல் ஆய்வாளர்களால் வெளிச்சத்துக்கு வந்தது. அரசு சோதனை, அபராதம் என்று இறங்கிய பிறகு 2021-ல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் அது இல்லை. மனசு வைத்தால் நிறுத்த முடிகிற காரியம்தான். நம் பக்கத்தில் ஒரு வசதி, விரலி மஞ்சளாகவே வாங்கி, வெயிலில் காயவைத்து, மிளகாய் மல்லியோடு மாவு மில்லுக்குப் போவது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. வாங்கும்போது ஒரு விரலி மஞ்சளை உடைத்துப் பாருங்கள். மேலே பளீரென்று இருந்து, கை வைத்தால் மஞ்சள் பொடியாக ஒட்டினால் வேறு கடை பாருங்கள்.

அடுத்தது ஈயச் சொம்பு. அதில் வைத்த ரசத்தின் ருசியைப் பற்றி என்னோடு யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நானும் அந்தக் கட்சிதான். நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. காரீயம் வேறு உலோகம். மலிவுக்காக அதைக் கலந்தால், புளியும் தக்காளியும் கொதிக்கும்போது அது ரசத்தில் இறங்கும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பாட்டி காலத்துச் சொம்பு, எங்கே வாங்கியது என்று யாருக்கும் தெரியாது என்றால், அது ஷெல்ஃபில் அழகுக்கு இருக்கட்டும். உலோகச் சோதனைக் கருவி வைத்திருக்கும் இடத்தில் காட்டிவிட்டு வேண்டுமானால் மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். (அதிலும் ரசத்தோடுதான். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். சொம்பை வெறுமனே அடுப்பில் விட்டு ஓட்டை போட்டவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருவர்.)

மூன்றாவது, நிலக்கடலை. ஈரம் பட்ட கடலை, மக்காச்சோளம் போன்றவற்றில் ஒரு வகைப் பூஞ்சணம் பிடிக்கும். அது விடுகிற அஃப்ளாடாக்சின் நேரே கல்லீரலைத் தாக்குகிற நஞ்சு; கல்லீரல் புற்றுநோய்க்கும் காரணம். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோர கிராமங்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வறுத்தாலும் இந்த நஞ்சு முழுசாகப் போவதில்லை. கொத்தில் ஒரு கடலை மட்டும் கசக்கும் இல்லையா, அதை மரியாதை பார்க்காமல் துப்பிவிடுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, பச்சையாகப் படர்ந்தது எல்லாம் குப்பைக்கு. மழைக்காலத்தில் கடலையைக் கால் கிலோவுக்கு மேல் வாங்காமல், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

எண்ணெய் விஷயம் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. திரும்பத் திரும்பச் சுட வைத்த எண்ணெய் சிதைந்து அதில் சேரும் பொருள்கள் ('துருவச் சேர்மங்கள்' என்பார்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. பஜ்ஜிக் கடையில் நின்று சதவீதம் அளக்க முடியாது. சட்டியைப் பாருங்கள்: எண்ணெய் கறுத்து, பிசுக்காகி, ஓரத்தில் நுரை கட்டி நின்றால் டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் பூரி சுட்ட எண்ணெயை வடிகட்டி ஒரு தடவை தாளிக்கப் பயன்படுத்துவது போதும். அப்புறம், வடையை நியூஸ் பேப்பரில் வைத்து எண்ணெய் ஒற்றி எடுக்கும் பழக்கம் வேண்டாம். அச்சு மை சாப்பாட்டில் ஏறுகிறது. இதையும் அந்த ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது. வாழையிலை கிழித்து வைத்தால் போச்சு.

காய்கறிக்குப் பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. ஓடுகிற குழாய்த் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள், கோஸின் மேல் இலைகளை எடுத்துவிடுங்கள். கறிவேப்பிலையை மட்டும் ஒரு தொட்டி வாங்கி வீட்டிலேயே வளர்க்கலாம்.

மூன்றாம் படி: தண்ணீர், அளவோடு

'நாலு லிட்டர் குடி, ஐந்து லிட்டர் குடி' என்கிறவர்களை நம்ப வேண்டாம். நிழலில் வேலை பார்க்கும் ஆரோக்கியமான ஆளுக்கு, நம் ஊர் வெக்கையில் இரண்டிலிருந்து மூன்று லிட்டருக்குள் போதும். மோர், ரசம், பழம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். அளவுகோல் உங்கள் சிறுநீரின் நிறம். வைக்கோல் போல வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டால் குடிப்பது பத்தவில்லை. தண்ணீர் போலவே போனால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். வைட்டமின் மாத்திரை எடுப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது, அதற்கு எப்போதும் மஞ்சள்தான். ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பது வீண். சிறுநீரகத்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் அளவுக்குத்தான் வெளியேற்ற முடியும். மீறினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் ஆபத்தாகும்.

வெயிலில் வேலை செய்கிறவர்கள் கதை வேறு. தொடர்ந்து வெக்கையில் உழைத்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகிறது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகளிலும் இந்தப் பாதிப்பு தெரிகிறது. தாகத்துக்குக் காத்திருக்காமல் மணிக்கொரு தடவை குடிக்க வேண்டும், நடுவில் நிழலில் உட்கார வேண்டும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது: கக்கூஸ் சரியில்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை பார்க்கும் பெண்கள். கடையில் நிற்பவர்கள், பள்ளிக்கூட ஆசிரியைகள், பஸ்ஸில் நெடுந்தூரம் போகிறவர்கள். அவர்களிடம் 'தண்ணீர் குடிங்க' என்று சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. கழிப்பறையைத் திறந்து வைத்து, தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் அவர்களே குடிப்பார்கள். முதலாளியாக, மேனேஜராக இதைப் படிப்பவர் யாராவது இருந்தால், மூன்றாம் படி உங்களுக்குத்தான்.

நான்காம் படி: மலம் சிக்கலில்லாமல் போக வேண்டும்

கல்லீரல் பித்தத்தில் போட்டு அனுப்பும் பொருள்களில் ஒரு பங்கைக் குடல் மறுபடி உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடும். நார்ச்சத்து இருந்தால் அது பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். பேதி மருந்து வருஷத்துக்கு ஒரு நாள் செய்ததாக நாம் நம்புகிற வேலையை நார்ச்சத்து தினமும் ஓசையில்லாமல் செய்கிறது.

பெரியவர்களுக்கு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் தட்டில் இது எங்கே ஒளிந்திருக்கிறது? வெள்ளைச் சோற்றில் தேடினால் கிடைக்காது, ஒரு கப்பில் ஒரு கிராம்கூடத் தேறாது. வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் 12 கிராம் போல இருக்கிறது. நடுத்தரக் கொய்யா ஒன்றில் 5 கிராம். அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல சரக்கு. நான் செய்தது இவ்வளவுதான்: மதியம் இரண்டாவது கரண்டி சோறு போடுகிற இடத்தில் பொரியல் போட்டுக்கொள்வது, நாலு மணி பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். பழத்தைச் சாறாக்கி வடிகட்டினால் நார் வடிகட்டியில் தங்கிவிடும், சர்க்கரை டம்ளருக்கு வந்துவிடும். கடித்துத் தின்னுங்கள்.

ஒரேயடியாகக் கூட்டினால் வாயு பிடித்து ஆபீஸில் மானம் போகும். வாரத்துக்கு ஒரு அயிட்டமாகக் கூட்டுங்கள், கூடவே தண்ணீரும். காலையில் அவசரம் வந்தால் போனை எடுத்துக்கொண்டு உட்காராமல், அடக்கியும் வைக்காமல் அப்போதே போய்விடுங்கள். இந்தியக் கழிப்பறையில் குந்துவதற்கு முட்டி ஒத்துழைக்காதவர்கள், மேலைப் பாணிக் கழிப்பறையில் காலுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூல் போட்டுக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: மாத்திரை டப்பாவையும் மூலிகை டப்பாவையும் திறங்கள்

நஞ்சை வெளியேற்ற நினைப்பவர்கள் பலரும் கல்லீரலுக்கு நிஜமான தொந்தரவு தருவது இங்கேதான்.

காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உடைக்கும்போது கல்லீரலில் கொஞ்சம் நச்சுப் பொருள் உருவாகும். குளுட்டாதயோன் என்ற ஒன்று அதை உடனே பிடித்து அடக்கிவிடும். அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களையே தின்னும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 4 கிராம்தான் உச்சம். 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே அந்த எல்லைக்கு வந்துவிட்டோம். குடிப்பவர்களுக்கும் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கும் எல்லை இன்னும் கீழே. சிக்கல் எங்கே என்றால், சளிக்கு வாங்கும் மாத்திரையிலும் உடம்பு வலி மாத்திரையிலும் இதே பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். மருந்துக் கடையில் பெயர் தெரியாத நாலு மாத்திரையைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்து 'ஒரு வேளைக்கு' என்று கொடுத்தால் வாங்காதீர்கள். நான் இப்போது அட்டையோடு கொடுங்கள் என்று கேட்கிறேன். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

மூட்டு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் இவை இன்னும் மோசம். டாக்டர் எழுதாமல் மாதக்கணக்கில் போடுவது கூடவே கூடாது.

இனி மூலிகை. இதை எழுதினால் எனக்குத் திட்டு விழும், தெரியும். இலையாக இருந்தாலும் வேராக இருந்தாலும் கல்லீரல் வழியாகத்தான் போகிறது. கொரோனா சமயத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கஷாயம் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை 2021-ல் மும்பை டாக்டர்கள் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. கேரளத்தில் கொழுப்புக் குறைய என்று இரும்பன்புளி என்ற புளிப்புக் காயை இடித்துச் சாறெடுத்து ஒரேயடியாகக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்த விவரம் 2013-ல் மருத்துவ இதழில் வந்தது. அந்தக் காயில் ஆக்சாலிக் அமிலம் அதிகம். அது சிறுநீரகத்துக்குள் படிகமாகப் படிந்துவிடும். மீன் குழம்பில் நாலு துண்டு போட்டபோது அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை. பச்சைப் பாலக்கீரையைக் கட்டுக்கட்டாக அரைத்துக் குடிக்கும் 'கிரீன் ஜூஸ்' விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் தொடவே கூடாது.

கீழாநெல்லிக்கு ஒரு சுவாரஸ்யமான வரலாறு உண்டு. 1988-ல் சென்னையைச் சேர்ந்த பேராசிரியர் தியாகராஜன் குழுவினர், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்ததில் 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்ததாக லான்செட்டில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. காமாலைக்குப் பச்சிலை கொடுத்துச் 'சரியானது' என்கிற பலருக்கும் வந்திருந்தது ஹெபடைடிஸ் ஏ போல, தானாகவே சில வாரத்தில் அடங்குகிற வகை. பேர் பச்சிலைக்குப் போய்விடுகிறது. ஹெபடைடிஸ் பி-க்கு நம்மிடம் உறுதியான ஆயுதம் தடுப்பூசி. பெரியவர்களும் போடலாம்: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. சித்த மருந்து எடுப்பதானால், குறிப்பாக உலோகங்களையும் தாதுக்களையும் புடம் போட்டுச் செய்யும் பற்பம் செந்தூரம் வகைகளை, பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் மட்டும் எடுங்கள்.

ஆறாம் படி: குடி, சர்க்கரை, நடை

குடிக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. மோர், எலுமிச்சை, பச்சைத் தண்ணீர்க் குளியல், கறுப்புக் காபி எதுவும் கல்லீரலை வேகமாக ஓட்டாது. அது தன் வேகத்தில்தான் உடைக்கும்.

குடிக்காதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு படிகிறதே என்றால், சர்க்கரையும் உட்கார்ந்தே இருப்பதும் பெரிய காரணங்கள். ஒரு கணக்குப் போடுங்கள். நாளைக்கு நாலு டம்ளர் காபி டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். எட்டு ஸ்பூன், முப்பது கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது. இன்னும் நாம் ஒரு பிஸ்கட்கூடத் தின்னவில்லை. ஒன்றரை ஸ்பூன், பிறகு ஒன்று, பிறகு அரை என்று பத்து நாளுக்கு ஒரு தடவை இறக்குங்கள். நாக்கு பழகிவிடும். காபியைக் கைவிட வேண்டியதில்லை. காபி குடிப்பவர்களிடம் கல்லீரல் சுருக்க நோய் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த மருத்துவச் செய்தி இதுதான்.

நடை, வாரத்துக்கு 150 நிமிடம். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். 80 கிலோ ஆள் நாலு கிலோ குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும்.

ஏழாம் படி: மூச்சும் தூக்கமும்

மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் ஒன்று முழுசாக எரிந்தால் வரும் நுண்துகள் 75-லிருந்து 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணி போடுவதானால் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

தூங்கும்போது மூளை தன் கழிவைக் கழுவிக்கொள்கிறது என்பது 2013-ல் எலிகளில் கண்டு சொன்ன விஷயம். அதற்கு எதிரான முடிவும் பிறகு வந்திருக்கிறது, விஞ்ஞானிகளுக்குள் வாக்குவாதம் ஓயவில்லை. அவர்கள் பேசி முடிக்கட்டும், நாம் ஏழு மணி நேரம் தூங்கலாம். தூக்கம் கெட்டால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும் என்பதில் வாக்குவாதமில்லை.

எட்டாம் படி: வருஷத்துக்கு ஒரு தடவை அளந்து பாருங்கள்

சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதல் இரண்டு இடம் சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும். இரண்டும் வலிக்காது. முப்பது வயதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி அனுப்ப வேண்டிய கழிவு), சிறுநீரில் புரதம், கல்லீரல் நொதிகள் இவற்றைப் பார்த்துவிடுங்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். உப்பு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராம். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அதற்குள் அடக்கம்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் பால் விடாத கட்டன் டீ நிறத்தில் போவது, மலம் களிமண் போல வெளுப்பது, காலில் வீக்கம், சிறுநீரில் அடங்காத நுரை, சிறுநீர் குறைந்துபோவது, கறுப்பாகத் தார் போல மலம், ரத்த வாந்தி, புத்தி தடுமாற்றம். இவற்றில் ஒன்று வந்தாலும் சாறு, கஷாயம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது கடந்த மூன்று மாதத்தில் வாயில் போட்ட அத்தனையையும் ஒரு மஞ்சப்பையில் எடுத்துப் போங்கள்: மாத்திரை அட்டை, லேகிய டப்பா, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பொடி, லேபிள் கிழிந்த பாட்டில் உட்பட. "என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்கும்போது பையை மேஜையில் கவிழ்த்துவிடலாம்.